பாரசீக வினைச்சொல்லும் எங்கள் வாறனும்

1

சென்ற கிழமை என் மகள் ஆரணி எங்கள் குசினியில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் கழற்றித் தன் பல்கலைக்கழக அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். தாள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அதில் நான்கு நிரல்கள் இருந்தன. முதலாவதில் எழுத்துப் பாரசீகம், இரண்டாவதில் பேச்சுப் பாரசீகம், மூன்றாவதில் எழுத்துத் தமிழ், நான்காவதில் எங்கள் ஊர்ப் பேச்சு. ஜேர்மனியின் ஒரு சிறு நகரத்தில் வாழும் தொண்டைமானாற்று மனிதன் ஒருவன் வீட்டில் அப்படியொரு தாள் எப்படி வந்தது என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டறையில் வேலை செய்கிறேன். காலையில் பாண், மதியம் சூப், பின்னேரம் கேக்கும் கோப்பியும். பதினெட்டு வருடமாக இதே மேசைகள், இதே தள்ளுவண்டி. யார் சீனி போடக்கூடாது, யாருக்கு இறைச்சியை அரைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில் பஹ்மன் என்ற ஈரானியர் அங்கே வந்து சேர்ந்தார். எண்பது வயது. ஈரானின் தென்கரையில் ஒரு துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டியவர். மறதி நோய். இந்த நோயில் கடைசியாக வந்த மொழிதான் முதலில் போகும் என்று எங்கள் தாதிகள் சொல்வார்கள். அவருக்கு ஜேர்மன் மொழி முழுவதும் போய்விட்டிருந்தது. பாரசீகம் மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கே அதைப் பேசுவதற்கு ஒருவரும் இல்லை. அவருடைய மகள் நஸ்ரீன் வேறு நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரயிலேறி வருவார்.

வந்த இரண்டாம் மாதத்திலேயே பஹ்மன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். கோப்பையை நீட்டினால் கையால் தள்ளிவிடுவார். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேலைன் ஏற்றினார்கள். இப்படியே போனால் அவரைத் தூரத்திலுள்ள ஒரு பெரிய மருத்துவ இல்லத்துக்கு மாற்ற வேண்டிவரும் என்று எங்கள் பொறுப்பாளர் அம்மையார் சொன்னார். அங்கே அனுப்பினால் நஸ்ரீனால் கிழமைக்கொரு தடவை வந்து பார்க்க முடியாது.

பேசுபவர்களின் வாயையே பஹ்மன் பார்த்துக்கொண்டிருப்பார். சொற்கள் புரியாமல், முகத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று தேடுவது போல. இந்த நாட்டில் என் முதலாவது வருடம் முழுவதும் நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

அந்தக் கிழமை ஆரணி வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வரும்போதெல்லாம் முன்கூட்டியே தமிழில் செய்தி அனுப்புவாள். "அப்பா, நான் நாளை மாலை வருகிறேன்." பத்து வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். பிழையே இராது. வீட்டுக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றும்போதே ஜேர்மன் மொழிக்கு மாறிவிடுவாள்.

பஹ்மனைப் பற்றிச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது நூலகத்திலிருந்து ஒரு பாரசீகப் பாடப்புத்தகம் எடுத்து வந்தாள். "ஆப்" என்றால் தண்ணீர். "ஆப் மீகாஹீத்?" என்றால் தண்ணீர் விரும்புகிறீர்களா. புத்தகத்தோடு வந்த ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு, பஸ்ஸில் போகும்போதெல்லாம் முணுமுணுத்து, அந்த இரண்டு சொல்லையும் பாடமாக்கினேன்.

மறுநாள் மதியம் கோப்பையை வைத்துவிட்டு, அவர் முன்னால் நின்று தெளிவாகக் கேட்டேன். "ஆப் மீகாஹீத்?"

பஹ்மன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மெல்லிய குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினார். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கேட்டது தண்ணீர் வேண்டுமா என்பதுதான் என்று எந்த மொழியில் அவருக்குச் சொல்வேன்? தாதி வந்து அவரைக் கையில் பிடித்து இருத்தினாள். அன்றும் அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

நான் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு, சாமான் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பஹ்மன் நின்ற அந்த நிலை எனக்குத் தெரியும். அப்படி நானும் நின்றிருக்கிறேன்.

3

அண்ணை என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஊரில் எங்களுக்குத் தொழில் கடல். சண்டைக் காலத்தில் ஒருநாள் காலையில் அண்ணை, "போட்டு வாறன்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தொழிலுக்குப் போனார். எங்கள் ஊரில் வெளியே போகும் எல்லோரும் சொல்வதுதான். போய்விட்டு வருகிறேன் என்பது எங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. அண்ணை அன்று வரவில்லை. திரும்பி வரும் வழியில் படையினர் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்தது நான்தான் என்ற பயத்தில் வீட்டார் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அகதி விண்ணப்ப விசாரணையில் இதைத்தான் சொன்னேன். "அண்ணை போட்டு வாறன் எண்டு போனவர், திரும்பி வரேல்லை." மொழிபெயர்த்தவர் தமிழர்தான், நல்ல மனிதர், ஆனால் வேறு தேசத்துத் தமிழர். எங்கள் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. அவர் அதிகாரிக்கு ஏதோ சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள் சகோதரர் எதைப் போட்டார்?" என்று மொழிபெயர்ப்பாளர் என்னிடம் கேட்டார்.

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. கடலில் என்ன போடுவார் என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து, "வலை போடுறவர்" என்றேன்.

"முதலில் ஏதோ போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னார் என்றீர்கள். இப்போது வலை என்கிறீர்களே?"

நான் எழும்பி நின்றுவிட்டேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. சட்டையை இழுத்துச் சரிசெய்தேன். "ஐயா, நான் பொய் சொல்லேல்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார், சகோதரர் எதையோ எறியப் போனதை மறைக்க முயன்றார், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிறகு மூன்று வருடம் ஒரு முகாம் அறையில் நாலு பேரோடு இருந்தேன். வேலை செய்ய அனுமதியில்லை. என்னைப் பெற்ற ஐயா ஊரில் இறந்த செய்தி அங்கேதான் வந்தது. ஏழு மாதத்தில் அண்ணையை விட்டுவிட்டார்கள் என்ற செய்தியும் அங்கேதான் வந்தது.

மேன்முறையீட்டு விசாரணைக்கு எங்கள் பக்கத்து மானிப்பாயைச் சேர்ந்த ஒரு பெண் மொழிபெயர்க்க வந்தார். பழைய பதிவைப் படித்துக்கொண்டே வந்தவர், அந்த வரியில் நின்றார்.

"தம்பி, கொண்ணை வெளிக்கிடேக்கை என்ன சொன்னவர்?"

"போட்டு வாறன் எண்டு சொன்னவர் அக்கா."

"ஐயோ கடவுளே" என்று அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதிகாரியிடம் திரும்பிப் பத்து நிமிடம் போல ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்தினார். இரண்டு மாதத்தில் எனக்கு விசா கிடைத்தது.

அன்று ஒரு முடிவு எடுத்தேன். எனக்கொரு பிள்ளை பிறந்தால், அதன் வாயிலிருந்து பிழையாக விளங்கக்கூடிய ஒரு வினைச்சொல்கூட வரக்கூடாது. ஆரணி மூன்று வயதில், அவளுடைய அம்மாவைப் பார்த்து, "நானும் வாறன்" என்று சொல்லத் தொடங்கியபோது, "வருகிறேன் என்று சொல்லுங்கள் மகள்" என்று திருத்தினேன். அவளோடு நானும் அப்படியே பேசினேன். என் மனைவி வசந்தி எத்தனையோ தடவை சண்டை பிடித்தாள். "வீட்டுக்குள்ளை ஏன் ரேடியோச் செய்தி மாதிரிக் கதைக்கிறியள்?" என்பாள். நான் விடவில்லை. கடைசியில் அவளும் பிள்ளையோடு பேசும்போது என் வழிக்கு வந்துவிட்டாள்.

4

அடுத்த ஞாயிறு நஸ்ரீன் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் பொது மொழி உடைந்த ஜேர்மன். "எப்படிக் கேட்டீர்கள்? அப்படியே சொல்லிக் காட்டுங்கள்" என்றார். சொன்னேன். முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"பிழையில்லை. சரியான பாரசீகம். ஆனால் அப்படி ஒருவரும் பேசுவதில்லை. நீதிமன்றக் கடிதம் பேசினால் அப்படித்தான் பேசும்."

பிறகு மெல்லச் சொன்னார். ஈரானில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்த காலத்தில் அவருடைய தகப்பனை அடிக்கடி ஓர் அரசாங்கக் கந்தோருக்கு விசாரணைக்கு அழைப்பார்களாம். எழுதிவைத்த கேள்விகளை ஒருவர் வாசிப்பாராம். இவர் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டுமாம். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்ல மாட்டாராம்.

நஸ்ரீன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் பேச்சு. மீகாஹம், விரும்புகிறேன், பேச்சில் மீகாம். மீரவம், போகிறேன், பேச்சில் மீரம். மீகூயம், சொல்கிறேன், பேச்சில் மீகம். மீயாயம், வருகிறேன், பேச்சில் மீயாம். எழுத்தில் வினையின் நடுவில் நிற்கும் ஓசைகள் வாய்க்குள் போனதும் கரைந்துபோகின்றன. முன்னாலிருக்கும் 'மீ' மட்டும் அசையாமல் நிற்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பேச்சில் கேட்டால் மரியாதை போய்விடாதா? அவர் என்னைவிட வயதில் மூத்தவர்."

"அதற்கும் இருக்கிறது" என்றார் நஸ்ரீன். "மீகாஹீத் என்பதைத் தேய்த்து மீகாயின் என்று சொல்லுங்கள். மரியாதையும் இருக்கும், வீடும் இருக்கும்."

எங்கள் ஊரில் போகிறீர்கள் போறியள் ஆகும் என்று அவருக்குச் சொன்னேன். வருகிறேன் வாறன் ஆகும், வருகிறார்கள் வருகினம் ஆகும் என்றும் சொன்னேன். அவர் "வருகினம், வருகினம்" என்று சொல்லிப் பார்த்தார். ஈரானியப் பெண் ஒருத்தி எங்கள் கடற்கரைச் சொல்லை அந்தச் சாப்பாட்டறையில் உச்சரித்தபோது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

திங்கட்கிழமை பஹ்மனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவருடைய முழங்கையில் கை வைத்து, "ஆப் மீகாயின்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண் சுருங்கியது. "ஆரே, பெதே" என்றார். ஓம், தா என்று அர்த்தம். அவ்வளவுதான். கோப்பையை வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். வாசலில் நின்ற தாதி என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

அவரை வேறு இடத்துக்கு மாற்றும் பேச்சு அதன்பின் எழவில்லை. பின்னேரங்களில் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, "மீரோம் கூனே" என்று வாசலுக்கு வருவார். வீட்டுக்குப் போறன் என்பது. நஸ்ரீன் எழுதித் தந்தது மீரம். இவர் வாயில் அது மீரோம். தென்கரைப் பேச்சு அப்படித்தானாம். "மனம் மீயாம்", நானும் வாறன் என்று சொல்லி அவரோடு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிவருவேன். அந்தச் சுற்று முடிவதற்குள் எங்கே புறப்பட்டோம் என்பதை அவர் மறந்திருப்பார்.

5

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பாடமாக்குவதற்கு வசதியாக இருக்கும் என்று பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல்கள் போட்டுத் தமிழிலும் எழுதிவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஆரணி பால் எடுக்க வந்தவள் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்தபடி இருந்தது. நாலாவது நிரலை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "வருகினம். இது யார் வருவது?"

"அவர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம் மகள்."

"வந்தனான்?"

"நான் வந்தேன்."

"இது எந்த இடத்துத் தமிழ்?"

"எங்கள் ஊருடையது. பெரியப்பாவுடையது."

அவள் கதவை மூடினாள். ஜேர்மன் மொழியில் சொன்னாள். சத்தம் போடவில்லை. "நீங்களும் அம்மாவும் அறைக்குள் பேசும்போது இப்படித்தான் கேட்கும். நான் உள்ளே வந்ததும் மாறிவிடுவீர்கள். பெரியவர்களுக்கான இரகசிய மொழி என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒரு ஈரானியத் தாத்தாவுக்காக அவருடைய வீட்டுப் பேச்சைப் பஸ்ஸில் இருந்து பாடமாக்குகிறீர்கள். எனக்கு ஏன் கந்தோர்ப் பேச்சைத் தந்தீர்கள்?"

என்னிடம் பதில் இருந்தது. விசாரணை, வலை, முகாம் எல்லாவற்றையும் அன்றுதான் முதல் தடவையாக அவளுக்குச் சொன்னேன். அவள் அழுதாள். ஆனால் அந்தப் பதில் போதாது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அண்ணை கிழமைக்கு ஒரு தடவை ஊரிலிருந்து தொலைபேசியில் அழைப்பார். ஆரணியிடம் கொடுத்தால், "நலமாக இருக்கிறீர்களா பெரியப்பா?" என்பாள். அந்தப் பக்கம் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நன்றாகப் படியுங்கள்" என்பார். ஒரு நிமிடத்தில் தொலைபேசி என் கைக்கு வந்துவிடும். பிள்ளை ஊரை விட்டு விலகுகிறாள் என்று நண்பர்களிடம் எத்தனை தடவை குறைப்பட்டிருக்கிறேன்! பஹ்மனைப் போல என் அண்ணையையும் எழும்பிச் சட்டைப் பொத்தான் பூட்ட வைத்தது நான்தான்.

6

பஹ்மன் இந்த வருடம் வசந்த காலத்தில் இறந்துபோனார். நஸ்ரீன் பக்கத்தில் இருந்தார். துக்க வீட்டுக்கு நானும் போனேன். தெரிந்த பாரசீகத்தில் இரண்டு வசனம் ஆறுதல் சொன்னேன். பக்கத்தில் இருந்த தெஹ்ரான் நகரத்து அம்மையார் ஒருவர் என்னை வியப்போடு பார்த்து, "எந்தத் துறைமுகத்தில் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். என் வாயில் எல்லாம் மீரோமாகவே வந்துவிட்டிருக்கிறது. நஸ்ரீன் அழுகைக்கு நடுவில் சிரித்தார். "அது அப்பாவின் பேச்சு" என்றார்.

அந்தக் கோடை விடுமுறையில் ஆரணியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். எங்கள் ஊர்ச் செல்வச்சந்நிதிக் கோயில் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அண்ணைக்கு இப்போது கடலுக்குப் போக முடியாது. பாலத்தடியில் படகு இயந்திரங்களுக்கு எண்ணெயும் உதிரிப்பாகங்களும் விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் போன அன்று, மடிப்புக் கலையாமல் மினுக்கிய சட்டையோடு வாசல் படலையடியில் நின்றார்.

"வாருங்கள் மகள். பயணம் எப்படி இருந்தது?"

"நன்றாக இருந்தது பெரியப்பா."

அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து இருவரையும் காப்பாற்றினார்.

மூன்றாம் நாள் காலையில் ஆரணி கடையில் இருந்தாள். அண்ணை பின்னால் எண்ணெய்ப் பீப்பாவைச் சரித்துக்கொண்டிருந்தார். நான் முன்வாசலில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தொழிலாளி சைக்கிளில் வந்து, காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, அண்ணை நிக்கிறாரோ?"

"ஓம், நிக்கிறார்" என்றாள் ஆரணி. "இப்ப வருவார். இருங்கோ."

பீப்பாச் சத்தம் நின்றது. அண்ணை எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். வந்தவருக்குச் சாமானைக் கொடுத்து அனுப்பினார். பிறகு கேட்டார்.

"இப்ப என்ன சொன்னனீ?"

"பிழையோ, பெரியப்பா?"

"பிழையில்லையடி மோளே. ஆர் சொல்லித் தந்தது?"

அவள் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த தாளின் படத்தைக் காட்டினாள். அண்ணை மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பாரசீகம் உட்பட எல்லாவற்றையும் வாசிக்க முயன்றார். "இன்னும் கன சொல் இதிலை இல்லை" என்றார். "நான் சொல்லுறன், எழுது."

"சரி, எழுறன்."

"எழுறன் இல்லை, எழுதுறன்" என்று தொடங்கியவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "விடு. உன்ரை எழுறனும் நல்லாத்தான் கிடக்கு."

அன்றிலிருந்து அவள் கடையிலேயே கிடந்தாள். சாப்பாட்டுக்கு மட்டும் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பகல் நான் எதற்கோ அவர்களைக் கூப்பிடப் போனேன். உள்ளே ஆரணியின் குரல் கேட்டது.

"அந்த ஏழு மாசமும் உங்களுக்கு அடிச்சவையோ, பெரியப்பா?"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட.

"அடி ஆறிப்போம் பிள்ளை" என்றார் அண்ணை. அவசரமில்லாத குரல். "அந்த ஏழு மாசமும் என்னோடை ஒருதரும் கதைக்கேல்லை. கேள்விதான் கேட்டவங்கள். வெளியிலை வந்து பஸ்ஸிலை ஏறினாப் பிறகு, பக்கத்திலை இருந்த ஒரு கிழவன், தள்ளி இரு தம்பி, வெயில் படுது எண்டு சொன்னான். அதுக்குத்தான் அழுதனான்."

ஆரணி எழும்பித் தேத்தண்ணிக் கேத்திலை எடுத்து, "பிளேன்ரீ குடிப்பமே?" என்று கேட்டாள். "ஓம், குடிப்பம்" என்றார் அண்ணை. நான் அவர்களைக் கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.

இப்போது ஜேர்மனிக்குத் திரும்பி வந்துவிட்டோம். சென்ற ஞாயிறு ஆரணி வீட்டில் நின்றபோது அண்ணையின் அழைப்பு வந்தது. அவள்தான் எடுத்தாள். "ஓம் பெரியப்பா, இப்பதான் எழும்பினனான்" என்று தொடங்கினாள். நான் என் முறைக்காகப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். பத்து நிமிடம் போனது. பிறகு கால் மணித்தியாலம். கடையில் யாரோ கள்ள எண்ணெய் விற்றதைப் பற்றி, அண்ணியின் முழங்காலைப் பற்றி, அவளுடைய பல்கலைக்கழகச் சோதனையைப் பற்றி. நான் கையை நீட்டினேன். அவள் கவனிக்கவில்லை. தேத்தண்ணி போட எழும்பிப் போய், போட்டு, கொண்டுவந்து வைத்தேன். அது ஆறியது. கடைசியில் அவள் சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்துவிட்டாள்.

"என்னட்டைத் தரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் ஒருகணம் யோசித்துப் பார்த்தாள்.

"பெரியப்பா உங்களைக் கேக்கேல்லை, அப்பா."